பாத்திரம் கைமாறும்போது: உங்கள் திருவிருந்து அனுபவங்களைச் சொல்லுங்கள்

தாமிரபரணிக்காரன்:

நற்கருணை, திருவிருந்து, இராப்போஜனம், அப்பம் பிட்குதல், நன்மை வாங்குவது என்று பெயர் சபைக்குச் சபை மாறுகிறது; இயேசுவின் கடைசி இரவு விருந்தை நினைத்து அப்பமும் ரசமும் பகிர்வது ஒன்றுதான். இதில் ‘பலி’ எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு உறைத்த நாள் ஒன்று இருந்தால் எழுதுங்கள். பிரசங்கம் வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும். நானே தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம், சிஎஸ்ஐ சபை. சபையின் முழு அங்கமாக்கும் திடப்படுத்தல் சடங்கு முடிந்து முதல் திருவிருந்து எடுத்தபோது எனக்குப் பதினாறு வயது. பீடத்துக்கு முன்னால் வரிசையாக முழங்காலிடுவோம். ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் சொல்வோம்) அப்பத்தைக் கொடுத்துக்கொண்டே போவார், பின்னாலேயே பாத்திரம் வரும். எல்லோருக்கும் ஒரே வெள்ளிப் பாத்திரம்தான். ஒருவர் குடித்ததும் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி, அடுத்தவர் வாயருகே கொண்டுபோவார்கள்.

சபையில் ஒரு பெரியவர் இருந்தார். தொழுநோய் வந்து குணமானவர். விரல்கள் மடங்கிப் போயிருந்தன, அவ்வளவுதான். ஆனால் அவர் முழங்காலிட்டால் அவருக்கு அடுத்த இடம் காலியாகவே இருக்கும். யாரும் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. முக்காட்டைச் சரிசெய்வார்கள், பிள்ளையின் சட்டையை இழுத்துவிடுவார்கள், அந்த வரிசையைத் தவறவிட்டு அடுத்த வரிசைக்கு நிற்பார்கள். அந்த இடத்தில் மாதாமாதம் முழங்காலிடுகிறவர் எங்கள் ஆச்சி. தற்செயல் என்றுதான் நினைத்திருந்தேன். என் முதல் நாளில் கையைப் பிடித்து இழுத்து, தனக்கும் அவருக்கும் நடுவில் என்னை முழங்காலிட வைத்தார்.

பாத்திரம் வந்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு குடிப்பதுபோல் பாவனை செய்தேன்.

வெளியே வந்ததும், “குடிச்சியால?” என்றார்.

“ஆமா ஆச்சி.”

“பொய் சொல்லாத. உன் ஒதட்டத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஏசு உயிரையே குடுத்துட்டாரு. நீ உன் அருவருப்பக்கூட குடுக்கமாட்டியோ?”

அடுத்த மாதம் குடித்தேன். ருசியில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. 2020இல் பெருந்தொற்று வந்தபோது பாத்திரம் நின்றது, இப்போது எங்கள் சபையில் ஆளுக்கொரு சின்னக் கிண்ணம். வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் முழங்காலிடுவது யார் என்பது இப்போது யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை. அதுதான் எனக்கு இடிக்கிறது.

செம்மண்காரி:

நாங்கள் கத்தோலிக்கர், ராமநாதபுரம் மாவட்டம். ஓரியூர் தெரியாதவர்களுக்கு: போர்ச்சுக்கல்லில் இருந்து வந்த இயேசு சபைத் துறவி அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட இடம். சேதுபதி மன்னரின் ஆணை. 1947இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அங்கே மண் சிவப்பாக இருக்கும். அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்று சொல்லி, மதம் பார்க்காமல் எல்லோரும் அள்ளிக்கொண்டு போவார்கள். நேர்ச்சைக் கிடாயும் வெட்டுவார்கள், அங்கேயே சமைத்து அசனம் போடுவார்கள்.

எனக்கு எட்டு வயது இருக்கும். பக்கத்து வீட்டு அத்தை இந்து. ரொம்ப வருடம் கழித்துப் பிறந்த மகனுக்காக அருளானந்தருக்குக் கிடா நேர்ந்திருந்தார். அந்தக் கிடாய்க்கு வேப்பங்குழை ஒடித்துப் போட்டு வளர்த்ததில் பாதி நான். லாரியில் எங்களையும் கூட்டிப்போனார்கள். கும்பிட்டு முடித்து, மாலை போட்டு, கிடா முதுகில் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உலுப்ப வேண்டும், அதுதான் சம்மதம். உலுப்பவே இல்லை. மறுபடி தெளித்தார்கள். அத்தனை பேரும் கைகட்டி நின்றோம். “இன்னும் ஒத்துக்கல, பொறுங்க” என்றார் ஒரு தாத்தா. நான் மனதுக்குள் ‘உலுப்பாதே, உலுப்பாதே’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உலுப்பிவிட்டது.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஆனால் பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பந்தி முழுக்க முன்பின் தெரியாதவர்கள், கோயில் வாசலில் இருந்தவர்கள். அத்தை கடைசிப் பந்தியில் உட்கார்ந்தபோது கறி தீர்ந்து வெறும் குழம்புதான் இருந்தது. தன் கிடாயில் ஒரு துண்டுகூட அவர் சாப்பிடவில்லை.

மறு வருடம் எனக்குப் புதுநன்மை, அதாவது முதல்முறை நன்மை வாங்குவது. மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர், திருப்பலியில் இயேசுதான் ஆட்டுக்குட்டி என்றார். நான் எழுந்து, “அந்த ஆடு உலுப்பிச்சா சிஸ்டர்?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. அவரும் கிராமத்துக்காரர்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஒலிவ மலையில, சிலுவைக்கு முந்தின ராத்திரி, ரொம்ப நேரம் உலுப்பாமத்தான் நின்னாரு. இந்தக் கிண்ணம் எனக்கு வேண்டாம்னாரு. கடைசியிலதான் உம் விருப்பப்படி ஆகட்டும்னு உலுப்பினாரு” என்றார்.

இப்போதும் பூசையில் அப்பத்தை உயர்த்தும்போது முதலில் ஞாபகம் வருவது அந்த முதுகில் வழிந்த தண்ணீர்தான்.

பின்வரிசை:

சகோதரிக்கு ஒரு கேள்வி. இயேசு ஒரே தரம் செலுத்திய பலி போதும் என்றுதானே பைபிளில் எபிரெயர் நிருபம் திரும்பத் திரும்பச் சொல்கிறது? பிறகு கிடா எதற்கு?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கூடுகையில் வாராவாரம் அப்பம் பிட்கிறோம். நடுவில் ஒரு மேஜை, முழு ரொட்டி ஒன்று, பாத்திரம் ஒன்று. தட்டைக் கைமாற்றிக் கைமாற்றி ஆளுக்கொரு துணுக்கு பிட்டுக்கொள்வோம். வியாபாரத்தில் ஒரு பிரச்சினை வந்து அப்பாவை ‘அப்பத்தில் இருந்து நிறுத்தினார்கள்’. யார் பக்கம் நியாயம் என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை, அதை விடுங்கள். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி. அப்பா ஒரு வாரமும் தவறாமல் வந்தார். தட்டு வரும்போது வாங்கி, ரொட்டியைத் தொடாமல் அடுத்தவருக்குக் கொடுப்பார். ஐந்து மாதம். சின்னப் பையனான நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கைகளைப் பார்ப்பேன். தட்டு விழுந்துவிடும் என்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்திருப்பார்.

திரும்பச் சேர்த்துக்கொண்ட அன்று அவர் பிட்ட துண்டு கொஞ்சம் பெரியது. ஊர் சிரித்தது, அப்பாவும் சிரித்தார்.

செம்மண்காரி:

நல்ல கேள்வி. பாவத்துக்கு அந்த ஒரே பலிதான், எங்களுக்கும் அதுதான். பூசையில் அதைத் திரும்பச் செய்வதில்லை, அதே பலிக்குள் நாங்கள் போய் நிற்கிறோம் என்பார்கள். கிடா நேர்ச்சை, அதாவது நன்றி. ஆனால் அன்றைக்கு அத்தையிடம் போய் இந்த வித்தியாசத்தை விளக்கியிருந்தால், “போடி, எலயப் போடு” என்றிருப்பார்.

சுண்ணாம்புக்கட்டி:

லுத்தரன் தரப்பில் ஒரு சின்ன வரலாறு. 1529இல் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில், சபைச் சீர்திருத்தவாதிகளான லூத்தரும் சுவிட்சர்லாந்தின் சுவிங்லியும், அப்பம் உண்மையிலேயே இயேசுவின் சரீரமா என்ற விஷயத்துக்காக உட்கார்ந்தார்கள். லூத்தர் மேஜைமேல் சுண்ணாம்புக்கட்டியால் லத்தீனில் ‘இது என் சரீரம்’ என்று எழுதிவைத்துவிட்டு நகரவே இல்லையாம். ‘இது’ என்றால் இதுதான் என்றார் அவர். குறிக்கிறது என்றுதான் பொருள் என்றார் இவர். மற்றதில் எல்லாம் கிட்டத்தட்ட ஒத்துப்போனவர்கள் இதில் பிரிந்தார்கள். ஒன்றாகச் சாப்பிடுவதற்கான விருந்தில்தான் சண்டையும் அதிகம்.

தெற்குக் காற்று:

சண்டை மேஜையில் மட்டுமா? திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலைப் போய்ப் பாருங்கள். 1872இல் கட்டியது, பீடத்தில் இருந்து இரண்டு கால்களாகப் பிரியும் கட்டடம். ஆளுக்கொரு கால், சாதிப்படி. நடுச் சுவரை 1910இல்தான் இடித்தார்கள், வழக்கு நீதிமன்றம் வரை போனது. பீடம் ஒன்றுதான், பலியும் ஒன்றுதான், வாங்குகிற வரிசைதான் இரண்டு! ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. சபைக்குள் சாதி கூடாது என்று 1833இல் பிஷப் டேனியல் வில்சன் கடிதம் எழுதியபோது தஞ்சாவூரில் எவ்வளவு எதிர்ப்பு! கொரிந்து சபையின் திருவிருந்தில் ஒருவன் பசியோடு இருக்க ஒருவன் வெறித்திருந்தான் என்று பவுல் திட்டினாரே, நம் ஊருக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொள்வேன். தாமிரபரணிக்காரரின் ஆச்சிக்கு என் வணக்கம்.

இரவுப்பணி:

நான் நர்ஸ். எங்கள் வார்டில் ஒரு தாத்தா, தொண்டையில் புற்றுநோய், கடைசிக் கட்டம். நன்மை வேண்டும் என்று சைகையில் கேட்டார். ஃபாதர் வந்தார். அப்பத்தில் கடுகளவு கிள்ளி, ஸ்பூன் தண்ணீரில் போட்டு வாயில் விட்டார். விழுங்க ரொம்ப நேரம் ஆனது. நான் தாடையைத் தாங்கிப் பிடித்திருந்தேன்.

கையில் மிச்சம் இருந்தது. ஃபாதர் அதைத் தாத்தாவின் மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மா பின்வாங்கி, “நான் பாவசங்கீர்த்தனம் பண்ணியே வருசக்கணக்காச்சு சாமி” என்றார். பாவத்தைக் குருவிடம் சொல்லாமல் நன்மை வாங்கத் தயக்கம். ஃபாதர் என்னைப் பார்த்தார். திரையை இழுத்துவிட்டு வெளியே வந்தேன். ஐந்து நிமிடம் கழித்து உள்ளே போனபோது அந்த அம்மா ஸ்பூனைக் கழுவிக்கொண்டிருந்தார். முகம் அழுது வீங்கியிருந்தது, ஆனால் சிரித்தார்.

“நாப்பது வருசமா அவரு வச்ச மிச்சத்தத்தாம்மா சாப்பிடுறேன். இதுவும் அப்படியே ஆயிருச்சு.”

பன்னிரண்டு மணிக்குக் கஞ்சி வந்தது. தாத்தாவுக்கு இறங்கவில்லை. அதையும் அந்த அம்மாதான் குடித்தார்.