மறு: ஆர்க்கைவ்ஸ் – காப்பகமா, காப்பா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். 'ஆர்க்கைவ்ஸ்' (archives) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'ஆவணக்காப்பு' என்ற புதுச்சொல் வேண்டும் என்பது என் கருத்து. அதுபற்றி எழுந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> 'ஆவணக் காப்பகம்' என்று ஏற்கெனவே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, அது இடத்தின் பெயர். சென்னை எழும்பூரில் 1909 முதல் இருக்கும் நிறுவனத்தை அப்படி அழைக்கிறோம், சரி. ஆனால் உள்ளே அடுக்கியிருக்கும் கட்டுகளின் தொகுதிக்கும் ஆங்கிலத்தில் ஆர்க்கைவ்ஸ்தான். 'ஒரு கோயிலின் காப்பகத்தைப் புரட்டினேன்' என்று தமிழில் எழுத முடியுமா? இலங்கை வழக்கில் உள்ள 'சுவடிக்கூடம்' அழகான சொல். அதுவும் இடத்தையே குறிக்கிறது.

> ஆவணம் என்றால் பத்திரம்தானே? பழைய வருகைப்பதிவேடு எப்படி ஆவணமாகும்?

சோழர் கல்வெட்டுகளில் நிலம் விற்றவர்கள் 'விலையாவணம்' செய்து கொடுக்கிறார்கள்; பத்திரம்தான். ஆனால் அகநானூறு 77ஐப் பாருங்கள்: 'கயிறுபிணிக் குழிசி ஓலை கொண்மார் பொறிகண்டு அழிக்கும் ஆவண மாக்கள்'. கயிற்றால் கட்டிய குடத்தின் முத்திரையைச் சரிபார்த்து உடைத்து, உள்ளிருக்கும் ஓலையை எடுப்பவர்கள். எருவை என்னும் கழுகு, போரில் இறந்தவர்களின் குடலை இழுப்பதற்கு உவமையாக வருகிறது, கொடூரமான காட்சி! அங்கே விற்பனையே இல்லை. முத்திரை கலையாமல் இருந்ததா என்பதுதான் கேள்வி. அதே தொகையின் 122ஆம் பாட்டில் 'மல்லல் ஆவணம்' என்பது கடைத்தெரு. கொடுக்கல் வாங்கல் நடக்கும் இடத்தில்தானே சான்றும் தேவைப்படும்? இரண்டுக்கும் உறவு உண்டு என்றே எனக்குப் படுகிறது. ஆக, நடந்ததற்குச் சான்றாக நிற்பது ஆவணம். வருகைப்பதிவேடும் அதில் அடங்கும்.

இனி என் முன்மொழிவு. அது பெரியபுராணத்திலிருந்து கிடைத்தது.

சுந்தரரைத் தன் அடிமை என்று வழக்காடும் முதியவரிடம் திருவெண்ணெய்நல்லூர் அவையோர் கேட்கிறார்கள்: 'ஆட்சியில் ஆவணத்தில் அன்றிமற்று அயலார் தங்கள் காட்சியில்' ஒன்றைக் காட்டு. அனுபவம் (வழிவழியாக நடந்துவருவது), ஆவணம், சாட்சி என மூன்று. முதியவர் முதலில் காட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்துவிட்டிருந்தார். அது படியோலை, அதாவது நகல். மூல ஓலை கைவசம் இருக்கிறது என்கிறார் முதியவர். அதை வாங்கிய அவையோர், அதிலுள்ள எழுத்து சுந்தரருடைய பாட்டனாருடையதுதானா என்று பார்க்க என்ன செய்கிறார்கள்? 'அரண்தரு காப்பில் வேறொன்று அழைத்துடன் ஒப்பு நோக்கி' முடிவு சொல்கிறார்கள்.

பாதுகாப்பாக வைத்திருந்த பழைய ஓலையை வரவழைத்து, எழுத்தோடு எழுத்து ஒப்பிடுவது! 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதியது. இன்றைக்கும் ஆய்வாளர்கள் இதைத்தானே செய்கிறார்கள்? படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அந்தக் 'காப்பு' நமக்கு வேண்டாமா?

எனவே, ரெக்கார்ட் = ஆவணம். நிலையாக வைத்துக்கொள்ள வேண்டியவை என்று தேர்ந்தெடுத்த தொகுதி = ஆவணக்காப்பு. அதை வைத்திருக்கும் இடம் = ஆவணக் காப்பகம். மூலம், படி இரண்டையும் சேக்கிழாரே தந்துவிட்டார்.

> காப்பு என்றால் வளையல், திருவிழாவில் கட்டுவது. பேக்கப்பையும் 'காப்பு நகல்' என்கிறோம். குழம்பாதா?

வளையலோடு குழம்பாது, 'ஆவண' முன்னால் நிற்கிறது. பேக்கப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் அங்கே 'நகல்' என்ற சொல் கூடவே வருகிறது. மூலம் கெட்டால் எடுப்பதற்கான படி அது. ஆவணக்காப்பில் இருப்பது பெரும்பாலும் மூலமேதான். 'நகல்' என்பதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள்.

'கோயிலின் ஆவணக்காப்பைப் புரட்டினேன்' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கு இடறவில்லை. உங்கள் கட்டுரைகளில் ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்