மறு: ரேடியேட்டர் (கார் இன்ஜின் தண்ணீரைக் குளிர்விக்கும் பாகம்) ‘ஷெல்’, ‘கோர்’ – தமிழில் என்ன?

> ‘ஷெல்’லுக்கு ‘உறை’ போதும். ஃபோர்டு டி மாடல் காரில் முதலில் பித்தளை உறை, 1917 முதல் கறுப்பு உறை என்றால் காலம் தெரிந்துவிடும்.

‘உறை’ சரி, ஐயா. ‘பித்தளை உறை’தான் இடிக்கிறது. 1916 மாடல் வரை வெளியே பளபளப்பது ரேடியேட்டரின் மேல்தொட்டியும் பக்கங்களுமே. கழற்றத் தனி உறை கிடையாது. எஃகுத் தகட்டை அச்சில் அழுத்திக் கறுப்பு பூசிய தனி உறை 1917 மாடலில்தான் வந்தது. ஆகவே முன்னது ‘பித்தளை ரேடியேட்டர்’, பின்னது ‘உறை ரேடியேட்டர்’. 1924 மாடலுக்கு ரேடியேட்டரின் உயரம் 5/8 அங்குலம் கூடியது. 1926-27இல் நிக்கல் பூசிய உறையும் உண்டு.

> ‘கோர்’ (தண்ணீர் காற்றுக்கு வெப்பத்தை விடும் நடுப்பகுதி) = உள்ளீடு?

கணினிக்காரர்கள் அதை ‘இன்புட்’டுக்கு எடுத்துக்கொண்டு வெகுநாளாயிற்று. ‘அகடு’ என்கிறேன்.

—

‘அகடு’ ஏற்கத்தக்கது. ஆனால் வகைப்பெயரில் கவனம் வேண்டும். ‘குழாய் அகடு’, ‘தேன்கூட்டு அகடு’ என்று பிரித்தால் தேன்கூட்டில் குழாயே இல்லை என்றாகிவிடும். பொறியாளர் மேபாக் 1900இல் 35 குதிரைத்திறன் மெர்சிடிஸுக்குச் செய்த தேன்கூட்டில் 8,070 குழாய்கள். ஒவ்வொன்றின் வாயும் 6 மி.மீ. சதுரம். அவற்றின் உள்ளே போனது காற்று. தண்ணீர் குழாய்களுக்கு இடையிலான இடுக்குகளில் ஓடியது. தண்ணீர் மொத்தமே 9 லிட்டர். ஃபோர்டில் நேர்மாறு: நிமிர்ந்த குழாய்க்குள் தண்ணீர், வெளியே காற்று. எனவே ‘காற்றுக்குழல் அகடு’, ‘நீர்க்குழல் அகடு’.

—

இரண்டும் பொருந்துகின்றன. கலைச்சொல் பதிவில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: அகட்டை வைத்து ஆண்டு சொல்லக்கூடாது. டி வண்டிகளுக்குத் தேன்கூட்டு அகடுகளைப் பிற கம்பெனிகள் விற்றன; உறை அப்படியே இருக்க, அகடு மட்டும் மாறியிருக்கும். பழைய அகட்டை மாற்றக் காரணம் எப்போதும் ஒழுக்கு அல்ல. குழாயையும் ‘ஃபின்’னையும் (வெப்பத்தைக் காற்றில் விடும் மெல்லிய தகடு) பிணைத்த ஈயப்பற்று விட்டுப்போனால் ஒரு சொட்டும் கசியாது, வெப்பம் ஃபின்னுக்கு ஏறாமல் தண்ணீர் கொதிக்கும்.

‘ஃபின்’னுக்குத் ‘துடுப்பு’ வேண்டாம், அது மீனுக்கும் படகுக்கும் இருக்கட்டும். ‘தகட்டிதழ்’ எப்படி?