வெளிப்பக்கத் தேக்குக்கு என்ன பூசினீர்கள்? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

பள்ளத்தூர்காரர்:

எங்கள் வீட்டு வளவுத் (உள்முற்றத்து) தூண்கள் நிழலில் இருப்பதால் பிரச்சினையே இல்லை. முகப்புத் தூண்களும் தெருப்பக்க ஜன்னல்களும்தான் படுத்துகின்றன. அப்பச்சியின் சாந்தி விழா (வயது நிறைவுக் கல்யாணம்) வந்தபோது எல்லாம் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும் என்று பங்காளிகள் ஒரே பிடியாக நின்று கிளியர் வார்னிஷ் அடிக்க வைத்தார்கள். போட்டோவில் அமர்க்களமாகத்தான் இருந்தது. அடுத்தடுத்த மழைக்காலங்களில் செதில் செதிலாக உரிந்துவிட்டது.

பெயிண்டர் மேல் குற்றமில்லை. நிறமில்லாத பூச்சு வெயிலைத் தடுக்காது. புறஊதாக் கதிர் அதன் வழியே இறங்கி, மரநாரைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. மேலே படலம் முழுசாக இருந்தாலும் அது பற்றியிருக்கும் இடம் பொடியாகிவிடுகிறது. அப்புறம் ஒரு கீறல் போதும். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் தோலைத் தூக்கிவிடும்.

அதனால் வெளியே மெருகே வேண்டாம் என்பது என் கட்சி. மரத்துக்குள் ஊறக்கூடிய, நிறமி கலந்த எண்ணெய் ஸ்டெயின் போதும். மரத்துக்குக் குடை பிடிப்பது அந்த நிறமிதான். ரேகை தெரிய வேண்டுமானால் செமி டிரான்ஸ்பேரன்ட் வாங்கலாம். பளபளக்காது, அதைப் பங்காளிகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆனால் மங்கும்போது சுரண்டும் வேலை கிடையாது. கழுவிக் காயவிட்டு மேலேயே இன்னொரு கை பூசிக்கொள்ளலாம்.

பழைய வார்னிஷை மட்டும் மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் ஸ்டெயினும் இறங்காது. 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 120, ரேகையோடு ஒட்டியே தேய்த்து அதோடு நிறுத்துங்கள். இன்னும் வழுவழுப்பாக்க ஆசைப்பட்டால் துளை அடைந்து ஸ்டெயின் குடிக்காது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு என்பதால், பூசுவதற்குச் சற்று முன் பெயிண்ட் தின்னர் தோய்த்த துணியால் துடைத்தோம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த மரம் நன்றாகக் காய வேண்டும் என்று மாசி வரை காத்திருந்தோம். கிழக்குப் பார்த்த பக்கத்தைப் பிற்பகலிலும் மேற்குப் பக்கத்தைக் காலையிலும் செய்தோம். சூடேறிய மரத்தில் ஸ்டெயின் ஊறுவதற்குள் மேலேயே காய்ந்துவிடுகிறது. ஒரு தூணைத் தொட்டால் மேலிருந்து அடிவரை நிறுத்தாமல் முடிக்க வேண்டும். பாதியில் டீக்குப் போனால் அந்த இடத்தில் கோடு விழும். ஊறாமல் நிற்பதை டப்பாவில் அச்சிட்டிருக்கும் நேரத்துக்குள் பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிடுங்கள். விட்டால் பிசுபிசுத்து, நம்ம ஊர் செம்மண் புழுதி முழுக்க அதில்தான் குடியேறும்.

ஆசாரி மகன், காரைக்குடி:

அண்ணன் சொன்னது சரி. நிறம் பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன். கடையில் காட்டும் கலர் அட்டையை நம்பி வாங்காதீர்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய கதவு ஒன்றுக்குப் புதுத் தேக்கில் நிலை செய்தோம். ஒரே டப்பா ஸ்டெயின்தான். கதவு காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போனது, நிலை ஆரஞ்சாக நின்றது. புது மரத்தில் வெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிர் மரம்) ஓடிய இடம் இன்னும் தனியாகத் தெரிந்தது. நிலைக்கு ஒரு படி அடர்ந்த நிறம் கலந்துதான் சமாளித்தோம். கதவின் கீல் பக்க விளிம்பு மாதிரி கண்ணில் படாத இடத்தில் பூசி, முழுக்கக் காய்ந்த பிறகு பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் ஏமாற்றும்.

இன்னொன்று, மரத்தின் வெட்டுமுகம்தான் அதிகம் தண்ணீர் குடிக்கும். தூணின் அடி, கதவின் கீழ் விளிம்பு இரண்டுக்கும் ஊற ஊறப் பூசுங்கள். ஆள் பார்க்காத இடம் என்று பெயிண்டர்கள் விட்டுவிடுவார்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

துடைத்த துணியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! ஆளிவிதை எண்ணெய் கலந்த ஸ்டெயின் என்றால் துணி காயும்போது தானாகச் சூடேறும். எங்கள் வீட்டில் மூட்டையாகக் கட்டித் திண்ணை ஓரம் வைத்ததில் சாயங்காலம் புகை வந்தது. ஆச்சி பார்த்துக் கத்தியதால் தப்பித்தோம். தனித்தனியாக வெளியே விரித்துக் காயப்போடுங்கள், இல்லை தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பள்ளத்தூர்காரரே, மழைச்சாரலில் நரைத்துப்போன மரத்தை என்ன செய்தீர்கள்?

பள்ளத்தூர்காரர்:

ஆக்ஸாலிக் ஆசிட்டைத் தண்ணீரில் கரைத்துத் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். தேன் நிறம் திரும்பியது. கையுறை கட்டாயம். கழுவிய பிறகு நன்றாகக் காயவிட்டுத்தான் உப்புத்தாளைத் தொட்டோம்.