புதுப்பிப்பு: இஎஸ்சி ஒயரில் ஈயம் பிடித்துவிட்டது

ஆர்சி (ரிமோட்டில் ஓடும் பொம்மை) காரின் இஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) எக்ஸ்டி60 கனெக்டர் (பேட்டரியை இணைக்கும் பிளக்) வைக்கும்போது ஈயம் (சால்டர்) ஒட்டாமல் உருண்டு விழுகிறது என்று கேட்டிருந்தேன் அல்லவா, அது சரியாகிவிட்டது. 25 வாட் சால்டரிங் அயர்னின் ஊசிமுனைக்கு 12 கேஜ் ஒயர் எல்லாம் ரொம்ப அதிகம், தடித்த செம்பு சூட்டை அப்படியே இழுத்துக்கொள்கிறது. 60 வாட் அயர்ன், உளிமுனை பிட், 63/37 ஈயம் (63% வெள்ளீயம், 37% காரீயம்), கொஞ்சம் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை, புகைதான் கண்ணை எரிக்கிறது) எடுத்துக்கொண்டேன். ஒயரிலும் கனெக்டர் குழியிலும் தனித்தனியாக ஈயம் பூசிவிட்டு, பிளாஸ்டிக் இளகிப் பின்கள் சாயாமல் இருக்க அதில் பொருந்தும் எதிர்ஜோடிக் கனெக்டரைச் செருகி வைத்துக்கொண்டு சேர்த்தால், சில நொடிகளில் பளபளவென்று உள்ளே இறங்குகிறது. ஹீட் ஷ்ரிங்க் குழாயை (சூட்டில் சுருங்கி இணைப்பை மூடும் உறை) முதலிலேயே ஒயரில் கோத்துவிடுங்கள். அப்புறம், மோட்டார் பின்னோக்கிச் சுற்றியது. சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார் என்பதால் அதற்குப் போகும் மூன்று ஒயரில் ஏதோ இரண்டை மாற்றிப் போட்டேன், சரியாகிவிட்டது.