சிப் கார்டு காப்பாற்றுவது யாரை?

வரவுசெலவு:
சிப் கார்டைப் புகழ்கிறவர்களிடம் நேரடியாகவே கேட்கிறேன். கார்டு எண்ணையும் காலாவதித் தேதியையும் சிப்பிலிருந்து எந்த மெஷினும் படிக்கலாம். அதற்குப் பூட்டே கிடையாது. பின்பக்கம் பழைய காந்தப் பட்டை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இணையத்தில் பொருள் வாங்கும்போது சிப் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் பணம் போய்விட்டது என்று வங்கியில் முறையிட்டால் மட்டும், "சிப் போட்டு, பின் நம்பரும் அடித்திருக்கிறது, நீங்களோ உங்கள் வீட்டாரோதான்" என்று கதவைச் சாத்திவிடலாம். ஆக, பாதுகாப்பு யாருக்கு? வங்கிக்கு என்கிறேன். மறுப்பவர்கள் வாருங்கள்.

இரட்டைப்பூட்டு:
வந்துவிட்டேன். எண்ணைப் படிக்க முடியும் என்பது சரி. படித்து என்ன செய்ய முடியும் என்பதல்லவா கேள்வி?

காந்தப் பட்டையில் பெரும்பாலும் படிக்கப்படுவது இரண்டாம் தடம். அதிகபட்சம் 40 எழுத்து: கார்டு எண், காலாவதி, சேவைக் குறியீடு, ஒரு சரிபார்ப்பு எண். இன்று தேய்த்தாலும் அடுத்த வருடம் தேய்த்தாலும் அதே 40. சாவியைச் சோப்பில் அழுத்தி அச்செடுப்பது போலத்தான்; ஒருமுறை கிடைத்தால் வெற்றுக் கார்டில் எழுதிவிடலாம், அசல் எது நகல் எது என்று மெஷினுக்குத் தெரியாது.

சிப் என்பது ஒரு குட்டிக் கணினி. வங்கியின் மூலச் சாவியிலிருந்து அந்தக் கார்டுக்கென்றே ஒரு ரகசியச் சாவி உண்டாக்கி உள்ளே எழுதிவிடுகிறார்கள். அதை வெளியே எடுத்துக் கொடு என்று கேட்கக் கட்டளையே கிடையாது. கார்டைச் செருகியதும் மெஷின் மின்சாரம் கொடுத்துச் சிப்பை எழுப்புகிறது, உள்ளே எந்தக் கட்டணச் செயலி இருக்கிறதென்று கேட்டுத் தேர்ந்தெடுக்கிறது, பதிவுகளைப் படிக்கிறது, பின் நம்பரை வாங்குகிறது. பிறகு தொகை, நாணயம், தேதி, தான் அந்த நொடியில் உருவாக்கிய 4 பைட் தற்செயல் எண் எல்லாவற்றையும் சிப்பிடம் கொடுக்கிறது. சிப்புக்குள் ஒரு எண்ணி உண்டு. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒன்று கூடும், குறையவே குறையாது. அந்த எண்ணியைச் சேர்த்து அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டுமான சாவியைப் பிறப்பித்து, 8 பைட் முத்திரை ஒன்றைச் சிப் திருப்பித் தருகிறது. வங்கி தன் பக்கத்தில் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் பணம் நகராது.

அந்த முத்திரையை ஒட்டுக்கேட்டு அடுத்த பரிவர்த்தனையில் நீட்டினால் தற்செயல் எண் வேறு, எண்ணி வேறு. செல்லாது. கார்டுக்காரருக்கு இது நன்மையில்லையா?

அரைநிரலன்:
பாடப்புத்தகத்தில் அப்படி. நடைமுறையில் எல்லாச் சிப்பும் ஒரே தரமாக இருந்ததில்லை. தொடக்கத்தில் செலவைக் குறைக்க வழங்கிய கார்டுகளில் வங்கி போட்ட டிஜிட்டல் கையெழுத்து ஒன்று நிலையாக எழுதப்பட்டிருக்கும், அவ்வளவுதான். அதைப் படித்து இன்னொரு சிப்பில் எழுத முடியும். அந்தப் போலிச் சிப்பிடம் எந்தப் பின் நம்பரைக் கொடுத்தாலும் "சரி" என்றுதான் சொல்லும்; 'எஸ் கார்டு' (Yes card) என்று பெயரே வந்தது. முத்திரை என்று கேட்டால் வாய்க்கு வந்த 8 பைட்டைக் கொடுக்கும். வங்கியோடு பேசாமல் ஆஃப்லைனில் ஒப்புதல் தரும் மெஷினுக்கு அது பொய் என்று கண்டுபிடிக்க வழியில்லை. சரக்கு கைமாறி, கணக்கு வங்கிக்குப் போனபிறகுதான் குட்டு வெளிப்படும்.

இரண்டாவது, தற்செயல் எண். அது உண்மையிலேயே தற்செயலாக இருந்தால்தான் உங்கள் வாதம் நிற்கும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2012-ல் காட்டியது என்ன? சில ஏடிஎம்களில் அது வெறும் எண்ணி போல வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. அடுத்து எந்த எண் வரும் என்று தெரிந்தவர், உங்கள் கார்டு கையில் இருக்கும் சில நொடிகளிலேயே அதற்கான முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இரட்டைப்பூட்டு:
எஸ் கார்டு வரலாறு. அடுத்த தலைமுறைக் கார்டுகளில் சிப்புக்கே சொந்தமான ஆர்.எஸ்.ஏ. சாவி (டிஜிட்டல் கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி) உண்டு, மெஷின் கொடுக்கும் தற்செயல் எண்ணை அங்கேயே கையெழுத்திட்டுக் காட்ட வேண்டும். நகல் சிப்பால் ஆகாத காரியம். அதற்கும் மேலே, கையெழுத்தையும் முத்திரையையும் ஒன்றாகக் கட்டிக் கொடுக்கும் முறை இருக்கிறது. ஆன்லைனில் போகும் பரிவர்த்தனையில் வங்கியே முத்திரையைச் சரிபார்ப்பதால் எஸ் கார்டு அங்கே முதல் அடியிலேயே விழும்.

ஏடிஎம் விவகாரம் சிப் கார்டுத் தரநிலையின் குற்றமல்ல, மெஷின் செய்தவரின் சோம்பல்.

வரவுசெலவு:
யாருடைய சோம்பலாக இருந்தாலும் பணம் போவது கார்டுக்காரருக்கு. அது இருக்கட்டும், என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. சிப்பிலிருந்து எண்ணும் காலாவதியும் கிடைத்துவிட்டால், அதை வைத்துப் பட்டைக் கார்டு செய்யலாம், இணையத்திலும் அடிக்கலாமே?

கல்லாமேசை:
இதற்கு நான் சொல்கிறேன். சரிபார்ப்பு எண் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே கார்டில் அது மூன்று. பட்டையில் ஒன்று, சிப்பில் பட்டையின் சாயலில் வைத்திருக்கும் தரவுக்குள் வேறொன்று, பின்பக்கம் கண்ணால் படிக்க அச்சிட்டது மூன்றாவது. வேண்டுமென்றேதான் மூன்றையும் வெவ்வேறாக வைத்திருக்கிறார்கள்.

செருகும் துவாரத்துக்குள் மெல்லிய தகடு மாதிரி ஒரு சர்க்யூட்டைச் சொருகி, சிப்புக்கும் மெஷினுக்கும் நடுவே ஒட்டுக்கேட்பதை 'ஷிம்மர்' என்பார்கள். அதில் சிக்குவது சிப்பில் உள்ள சரிபார்ப்பு எண். அதைப் பட்டையில் எழுதித் தேய்த்தால், பட்டைப் பரிவர்த்தனையில் சிப்பின் எண் வந்திருக்கிறதே என்று வங்கி நிராகரிக்க வேண்டும். இணையத்துக்குத் தேவையான அச்சிட்ட எண்ணோ சிப்பில் இல்லவே இல்லை. மூன்று இலக்கம் கேட்காத இணையக் கடையில் மட்டும் ஆபத்து மிச்சமிருக்கிறது.

"நிராகரிக்க வேண்டும்" என்றேன். சரிபார்க்காத வங்கி இருந்தால் ஷிம்மர்காரனுக்குக் கொண்டாட்டம்தான்.

அரைநிரலன்:
ஷிம்மரில் இன்னொன்றும் சிக்கும். சில கார்டுகளில் பின் நம்பரை மெஷின் மறைகுறியாக்காமல் அப்படியே சிப்புக்கு அனுப்பும் முறை அனுமதிக்கப்பட்டிருக்கிறது. நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பின் நம்பர் வெள்ளித்தட்டில். பிறகு கார்டைத் திருடினால் போதும்.

இனி வரவுசெலவு கேட்ட 'பின் போட்டிருக்கிறது, ஆகவே நீங்கள்தான்' விஷயத்துக்கு வருவோம். 2010-ல் கேம்பிரிட்ஜில் ராஸ் ஆண்டர்சன் உள்ளிட்ட நால்வர் வெளியிட்ட ஆய்வு இதற்கென்றே எழுதியது போல இருக்கும். திருட்டுக் கார்டு கையில் இருக்கிறது, பின் நம்பர் தெரியாது. கார்டுக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு கருவி. மெஷின் "இந்தப் பின் சரியா?" என்று கேட்கும்போது அந்தக் கேள்வி கார்டுக்குப் போகவே போகாது, கருவியே "சரி" என்று சொல்லிவிடும். 0000 அடித்தாலும் ஏற்கும். கார்டோ, இது கையெழுத்து வாங்கும் பரிவர்த்தனை போலும் என்று நினைத்து முத்திரையைக் கொடுத்துவிடும். மெஷினின் பதிவில் 'பின் சரிபார்க்கப்பட்டது'. ரசீதிலும் அப்படியே.

ஆய்வகத்தோடு நின்றதா? பிரான்சில் திருடிய கார்டுகளில் இதையே சிப்பின் மேல் சிப் ஒட்டிச் செய்தார்கள். சுமார் 40 திருட்டுக் கார்டுகள், 7,000 அளவில் பரிவர்த்தனைகள், ஏறத்தாழ 6 லட்சம் யூரோ. 2011-ல் பிடிபட்டார்கள்.

இரட்டைப்பூட்டு:
முழுதாகச் சொல்லுங்கள் நண்பரே. அந்த வித்தை பின் நம்பரைச் சிப்பே சரிபார்க்கும் ஆஃப்லைன் முறையில் மட்டும்தான் பலிக்கும். ஏடிஎம்மில் பின் மறைகுறியாகி வங்கிக்கே போகிறது, நடுக்கருவி "சரி" சொல்லிப் பயனில்லை. மேலும், தன்னிடம் யாரும் பின் காட்டவில்லை என்பதைச் சிப் தன் குறிப்பில் எழுதி, முத்திரையோடு சேர்த்தே அனுப்புகிறது. மெஷின் "பின் சரி" என்கிறது, கார்டு "பின் வரவேயில்லை" என்கிறது. இரண்டையும் ஒப்பிடும் வங்கி அங்கேயே நிறுத்திவிடும்.

வரவுசெலவு:
ஒப்பிடும் வங்கி, சரிபார்க்கும் வங்கி, சோம்பாத மெஷின்காரர். எல்லாம் 'செய்தால்' என்ற ஒரு சொல்லில் தொங்குகிறது. செய்யாவிட்டால் அதை நிரூபிக்க வேண்டியவர் யார்? எந்தத் தகவலும் கையில் இல்லாத கார்டுக்காரர்.

பொறுப்பு மாற்றம் என்று ஒன்று கொண்டுவந்தார்களே, அதைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

கல்லாமேசை:
அதில் உங்களுக்குச் சற்றுக் குழப்பம். அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் வந்த பொறுப்பு மாற்றம் வங்கிக்கும் கடைக்காரருக்கும் இடையிலானது. சிப் கார்டு வந்திருக்கிறது, கடையில் பட்டை மெஷின்தான் இருக்கிறது என்றால் போலிக் கார்டு நஷ்டம் கடைப் பக்கம். கடையில் சிப் மெஷின் இருந்து வங்கி சிப் கொடுக்காதிருந்தால் வங்கி பக்கம். கார்டுக்காரர் அந்தக் கணக்கிலேயே இல்லை. கடைகள் அவசர அவசரமாக மெஷின் மாற்றியதற்கு அதுதான் காரணம். பெட்ரோல் பம்புகளுக்கு மட்டும் 2021 ஏப்ரல் வரை அவகாசம் கிடைத்தது.

பின் தகராறு அதிலிருந்து தனி. அங்கே நிரூபணம் யார் தலையில் என்ற உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் "நான் செய்யவில்லை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் "பின் போட்டிருக்கிறது" என்று ஒற்றை வரியில் பதில் வரும். கேட்க வேண்டியது வேறு. முதலில், கார்டு எப்படிப் படிக்கப்பட்டது என்ற நுழைவுக் குறியீடு: 05 என்றால் சிப், 07 என்றால் தட்டியது, 90 என்றால் பட்டை, 80 என்றால் சிப் மெஷினில் சிப் வேலை செய்யாமல் பட்டைக்கு இறங்கியது. 80-ஐயோ 90-ஐயோ காட்டினால் 'சிப் போட்டிருக்கிறது' என்ற வாதமே விழுந்தது. 05 என்றால் முத்திரை சரிபார்க்கப்பட்டதா, பின் ஆன்லைனில் பார்க்கப்பட்டதா ஆஃப்லைனிலா, ஆஃப்லைன் என்றால் அதைப் பற்றிச் சிப்பின் சொந்தக் குறிப்பு என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். கடைசியாக எண்ணி. தகராறுக்கு முன்னும் பின்னும் நீங்களே செய்த பரிவர்த்தனைகளின் எண்ணிக்கு நடுவே அது வரிசையாகப் பொருந்துகிறதா, இடறுகிறதா என்று பார்க்கலாம். எழுத்தில் கேளுங்கள். கார்டை வெட்டிப் போட்டுவிடாதீர்கள். சிப்பில் இருக்கும் எண்ணி உங்களுக்குச் சாட்சி.

அரைநிரலன்:
இந்த ஒரு பதிவை யாராவது மேலே ஒட்டி வையுங்கள்.

இன்னொன்று: தட்டிச் செலுத்தும் முறையை யாரும் தொடவில்லை. பையில் இருக்கும் கார்டைத் தூரத்திலிருந்து உறிஞ்சிவிடுவார்கள் என்று பரப்புவது மிகை. 13.56 மெகாஹெர்ட்ஸ், வேலை செய்யும் தூரம் சில சென்டிமீட்டர். ஒவ்வொரு தட்டலுக்கும் புது முத்திரை. உண்மையான ஓட்டை ரிலே: ஒருவன் உங்கள் பையருகே ஒரு கைபேசி, கூட்டாளி கடை மெஷினில் இன்னொன்று, நடுவே இணையம். கார்டு பேசுவது அசல் மெஷினோடுதான் என்பதால் முத்திரை செல்லும். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து இதைத் தடுக்கும் வழி தரநிலையில் உண்டு. எல்லாக் கார்டிலும் மெஷினிலும் இல்லை. பின் கேட்காத தட்டலுக்குத் தொகை வரம்பு வைத்திருப்பது இதற்காகவும்தான்.

இரட்டைப்பூட்டு:
சரி. கார்டுக்காரர் கையில் நடக்கும் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன், தகராறுகளில் பாதி குழப்பம் அங்கேதான்.

கார்டைப் பாதியில் உருவுவது. வங்கி ஒப்புதல் தந்தபின்னும் மெஷின் சிப்போடு இன்னொரு சுற்றுப் பேச வேண்டியிருக்கும்; வங்கியின் பதிலைச் சிப் சரிபார்த்து, முடிவு முத்திரை தரும். அதற்குள் உருவினால் மெஷினில் 'தோல்வி', கைபேசியில் 'பணம் எடுக்கப்பட்டது'. மெஷின் ரத்துச் செய்தி அனுப்பும், அது போய்ச் சேரும்வரை தொகை தொங்கும். அந்த ரத்துச் சீட்டை வாங்கிக்கொண்ட பிறகுதான் மறுபடி செருக வேண்டும்.

பின் மாற்றுவது. கைபேசியில் வங்கிச் செயலி வழியாக மாற்றினால் வங்கிக் கணினியில் உடனே மாறும். ஆஃப்லைனில் பின் சரிபார்க்கும் கார்டென்றால் சிப்புக்குள் பழைய பின்தான் இருக்கும். அடுத்து ஏடிஎம்மில் போடும்போது வங்கி அனுப்பும் கட்டளை வந்தால்தான் உள்ளே மாறும். அதற்குள் கடையில் புதுப் பின்னை அடித்துத் 'தவறு' வாங்கி, மூன்று முறை முயன்றால் சிப் பூட்டிக்கொள்ளும்.

சிப் படிக்கவில்லை என்றதும் கடைக்காரர் தேய்க்கத் தயாராவார். முதலில் தங்கத் தொடுபரப்பை உலர்ந்த துணியால் துடைத்து இரண்டாம் முறை செருகிப் பாருங்கள், அல்லது தட்டுங்கள். பட்டையின் சேவைக் குறியீடு 2-லோ 6-லோ தொடங்கினால், இதில் சிப் இருக்கிறது, செருகச் சொல் என்று மெஷினுக்கு அர்த்தம். அதை மீறித் தேய்க்கச் சொல்லும் இடத்தில் கார்டைக் கொடுக்காதிருப்பதே நல்லது.

வரவுசெலவு:
நகல் எடுப்பதைச் சிப் ஒழித்தது என்பதை ஏற்கிறேன். முத்திரை நிரூபிப்பது கார்டு அங்கே இருந்தது என்பதை மட்டும். கார்டுக்காரர் இருந்தார் என்பதை அல்ல. வங்கிகள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும்வரை என் வழக்கு உயிரோடு இருக்கிறது.

போகட்டும், பட்டையை என்ன செய்வது? கத்தியால் சுரண்டிவிடலாமா?

கல்லாமேசை:
மாஸ்டர்கார்டு 2021-லேயே அறிவித்துவிட்டது: 2024 முதல் பல பகுதிகளில் புதுக் கார்டுக்குப் பட்டை கட்டாயமில்லை, 2029-க்குப் பிறகு பட்டையோடு புதுக் கார்டு வழங்குவதில்லை, 2033-ல் முழுதாக இல்லை. அதுவரை, வங்கிச் செயலியில் பட்டைப் பயன்பாட்டை நிறுத்தும் வசதி இருந்தால் அதை அணைத்து வையுங்கள்.

சுரண்டினால் சிப்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கார்டை உள்ளே இழுக்கும் ஏடிஎம்கள் பலவற்றில், வாயிலில் பட்டை தெரிந்தால்தான் கதவே திறக்கும். சுரண்டிய கார்டை அது உள்ளேயே விடாது.