மெழுகா, அஸ்பால்டீனா: எந்தக் கிணற்றை முதலில் எடுப்பது?

வணக்கம் நண்பர்களே. எங்கள் எண்ணெய்க் கிணறுகள் பலவற்றில் மெழுகும் அஸ்பால்டீனும் (கச்சா எண்ணெயில் உள்ள கனமான, தார் போன்ற பொருள்) படிந்து உற்பத்தி குறைகிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சுத்தம் செய்ய முடியாது. வரிசைப்படுத்த உங்கள் அனுபவம் வேண்டும்.

உற்பத்திச் சரிவை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது தவறு என்றே நினைக்கிறேன். படுகை அழுத்தம் (எண்ணெய் தேங்கியுள்ள பாறை அடுக்கின் அழுத்தம்) இறங்கினாலும், தண்ணீர் அதிகம் கலந்து வந்தாலும் அதே சரிவுதான் தெரியும். அதனால் படுகை அழுத்தம் நிலையாக இருந்தும் உற்பத்தித் திறன் விழுந்த, ஸ்கின் மதிப்பு (கிணற்றை ஒட்டிய பகுதியில் ஓட்டம் எவ்வளவு தடைபடுகிறது என்பதன் அளவு) உயர்ந்த கிணறுகளைத் தனியாகப் பிரித்துவிட்டேன்.

சிக்கல் இதற்கப்புறம்தான். மெழுகு, எண்ணெய் குளிரும்போது படிகிறது. பெரும்பாலும் குழாயின் மேல்பகுதியில். அஸ்பால்டீன், அழுத்தம் குறைந்து குமிழிப் புள்ளியை (எண்ணெயில் கரைந்த வாயு குமிழியாக வெளிவரத் தொடங்கும் அழுத்தம்) நெருங்கும்போது பிரிகிறது. மெழுகுக்குச் சூடான எண்ணெய் உதவும். அஸ்பால்டீனுக்கு அது போதாது, சைலீன் மாதிரி கரைப்பான் வேண்டும். படிவு மாதிரி கிடைக்காத கிணறுகளில் எது அதிகம் என்று எப்படிக் கணிக்கிறீர்கள்? சாரா (SARA) பகுப்பாய்வை, அதாவது எண்ணெயை நிறைவுற்றவை, அரோமாட்டிக், பிசின், அஸ்பால்டீன் என்று பிரித்து அளப்பதை, எந்த அளவுக்கு நம்பலாம்? அஸ்பால்டீன் குறைவாக உள்ள லேசான எண்ணெயிலும் கடுமையாகப் படிவதுண்டு என்பதால்தான் கேட்கிறேன்.

தண்ணீர் விகிதம் எவ்வளவு தாண்டினால் ஒரு கிணற்றைப் பட்டியலிலிருந்து நீக்குவீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.