மறு: 'வெண்கலத் தந்தி' – பட்டியலில் ஏற்றுமுன் ஒரு நிமிடம்

அன்பின் நண்பர்களுக்கு,

இசைக்கருவிச் சொற்பட்டியலை இந்த வெள்ளிக்கிழமையோடு மூடிவிடுவோம் என்று கோவை நண்பர் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு அவசரமாக எழுதுகிறேன். மற்றச் சொற்களில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. இந்த ஒன்றில் இருக்கிறது. கிற்றார் தந்திப் பக்கற்றுகளில் வருகிற இரண்டு ஆங்கிலப் பெயர்களுக்குப் பட்டியல் இப்படித் தமிழ் சொல்கிறது:

> 80/20 புரோன்ஸ் – வெண்கலத் தந்தி
> போஸ்பர் புரோன்ஸ் – பாசுபர வெண்கலத் தந்தி

இரண்டாவது சரி. முதலாவது பிழை. சொல்லில் பிழை இல்லை, உலோகத்தில் பிழை. 80/20 என்றால் 80 பங்கு செம்பு, 20 பங்கு நாகம் (உங்கள் பக்கத்தில் துத்தநாகம்). செம்போடு நாகம் சேர்ந்தால் அது பித்தளை. வெண்கலம் வேண்டுமென்றால் வெள்ளீயம் சேர வேண்டும். பக்கற்றில் 'புரோன்ஸ்' என்று அச்சடித்திருக்கிறார்கள்தான், அது அமெரிக்காவில் 1930களிலிருந்து வருகிற வியாபாரப் பெயர். அங்கே உலோகக்காரரே 90 பங்கு செம்பும் 10 பங்கு நாகமும் சேர்ந்ததை 'வர்த்தக வெண்கலம்' என்று விற்பவர்கள், ஆகவே கம்பிக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, ஒன்றில் குத்துவிளக்கும் மற்றதில் கோயில் மணியும் வார்த்த நாங்கள் எதற்காக அந்தக் குழப்பத்தை இறக்குமதி செய்ய வேண்டும்?

போஸ்பர் புரோன்ஸ் உண்மையான வெண்கலம். சுமாராக 92 பங்கு செம்பு, 8 பங்கு வெள்ளீயம், அதற்குள் துளியளவு பொசுபரசு. கிற்றாருக்கு இதை 1974இல் டி'அடாரியோ நிறுவனம் கொண்டுவந்தது. கண்ணால் பார்த்தே இரண்டையும் பிரிக்கலாம்: புதுக் கம்பியைப் பகல் வெளிச்சத்தில் பிடித்தால் 80/20 மஞ்சளாகப் பொன் மாதிரி இருக்கும், மற்றது செம்புச் சிவப்பாக இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், காதால் கேட்டால் இந்தப் பெயர்ப் பிழை பிழையாகவே தெரியாது. 'வெண்கலக் குரல்' என்று நாங்கள் சொல்வது கணீரென்ற குரலை. புதிதாகப் பூட்டிய 80/20 செற் (ஆறு தந்தி சேர்ந்த கட்டு) அப்படித்தான் ஒலிக்கும், பளிச்சென்று, மேல்சுரங்கள் எல்லாம் தெறிக்கிற மாதிரி. உண்மையான வெண்கலம் சுற்றியதோ அதைவிடக் கொஞ்சம் இதமாக, அடிக்குரல் நிறைந்து ஒலிக்கும். அதாவது வெண்கலக் குரல் பித்தளையிடம் இருக்கிறது. இதனால்தான் சென்ற கிழமை (உங்கள் பக்கத்தில் வாரம்) சென்னை நண்பர் "ஒலியை வைத்துப் பார்த்தால் வெண்கலத் தந்தி பொருத்தமான பெயரே" என்று எழுதியிருந்தார் என்று நினைக்கிறேன். அழகான வாதம். ஆனால் கடையில் நிற்கிற பிள்ளைக்கு அது உதவாது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், நான் இருப்பது திருகோணமலைக் கடற்கரையில், உப்புவெளியில். பெயரிலேயே உப்பு இருக்கிறது. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்பும் ஒரு மணல் ஒழுங்கையும்தான். வாடைக் காலத்தில் யன்னல் கம்பியே கையில் உரிந்து வரும். உப்புக்காற்றிலும் விரல் வியர்வையிலும் பித்தளைக்குள் இருக்கிற நாகம்தான் முதலில் கரைந்து போகிறது, மிஞ்சுவது செம்பு நிறத்தில் சொரசொரப்பான ஒரு தோல். வெண்கலத்தில் நாகம் இல்லாததால் அந்தத் தொல்லை இல்லை. அதுவும் கறுக்கும், களிம்பு பிடிக்கும், ஆனால் தாக்குப் பிடிக்கும். என் கணக்கில் 80/20 செற் ஒன்று இங்கே இரண்டு கிழமையில் சோர்ந்துவிடும், மற்றது ஒரு மாதத்தைத் தாண்டும். போன வருடம் அண்ணாவின் மகள் நகரத்தில் ஒரு கடைக்குப் போய் "வெண்கலம் கடற்காற்றுக்கு நல்லது" என்று நான் சொன்னதை நம்பி, புரோன்ஸ் என்று எழுதியிருந்த பக்கற்றையே வாங்கி வந்தாள். 80/20. மார்கழித் திருவெம்பாவை முடிவதற்குள் கம்பி செத்துவிட்டது. சித்தப்பாவின் அறிவுரைக்கு வீட்டில் அதன்பிறகு மதிப்பில்லை. (புளி போட்டு விளக்கித் தரட்டுமா என்று அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். குத்துவிளக்குக்குத்தான் அது சரி.)

எனவே என் கோரிக்கை: 80/20 – பித்தளைச் சுற்று. போஸ்பர் புரோன்ஸ் – பொசுபர வெண்கலச் சுற்று. பாசுபரமா பொசுபரமா என்பதை நீங்கள் கடலுக்கு அந்தப் பக்கத்தில் எப்படியும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் 'தந்தி' என்று முடிக்காமல் 'சுற்று' என்று முடிக்கிறேன் என்றால், இந்த உலோகம் தந்தி முழுவதும் இல்லை. உள்ளே உருக்குக் கம்பி, அதன்மேல்தான் பித்தளையோ வெண்கலமோ நெருக்கமாகச் சுற்றியிருக்கிறது. ஆறில் நான்கு தந்திகள்தான் அப்படி, மெல்லிய இரண்டும் வெள்ளீயம் பூசிய வெறும் உருக்கு. சுற்றுவதற்குக் காரணம் பள்ளிக்கூடத்துச் சுரமானிப் பாடத்திலேயே இருக்கிறது: நீளமும் இழுவையும் மாறாமல் சுருதி இறங்க வேண்டுமென்றால் தந்தி பாரமாக வேண்டும். பாரத்துக்காக ஒரே உருக்கைத் தடிப்பாக்கிக்கொண்டே போனால் அது தந்தியாக இராது, சின்னக் கோல் ஆகிவிடும். விறைப்பு கூடக்கூட மேற்றொனிகள் (அடிச்சுருதியோடு கூடவே எழுகிற மேல்சுரங்கள்) இருக்க வேண்டிய இடத்தைவிட உயர்ந்து போய், தகரத்தில் தட்டின மாதிரிக் கேட்கும். சுற்றினால் பாரம் ஏறும், வளைவு கெடாது. 82 ஹேர்ட்ஸில் பேசுகிற ஆறாம் தந்திக்கு இது இல்லாமல் வழியில்லை.

சரி, உள்ளே இருக்கிற அந்த உருக்குக்கு என்ன பெயர்? பட்டியலில் 'மையக்கரு' என்று இருக்கிறது. எனக்கு அது முட்டையைத்தான் நினைவூட்டுகிறது. 'உள்ளீடு' கணினிக்காரர் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். என் முன்மொழிவு: அகணி. பனை, தென்னை மட்டையின் உட்புற நாருக்கு இருக்கிற பழைய சொல், அகராதியில் இருக்கிறது, நாங்கள் புதிதாக எதையும் செய்யத் தேவையில்லை. மட்டையைக் கிழித்தவர்களுக்குத் தெரியும், இழுத்தாலும் அறாதது அந்த உள்நார்தான். தந்தியிலும் இழுவை முழுவதையும் தாங்குவது உள்ளே இருக்கிற உருக்கு, சுற்று சும்மா பாரத்துக்கு. அறுகோண அகணி, வட்ட அகணி என்று வகையும் பிரிக்கலாம். வகை தெரிவது வேலைக்கு ஆகும்: அறுகோணத்தின் மூலைகள் சுற்றைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், வட்டத்தில் பிடி குறைவு, ஆகவே முனையை மடிக்காமல் வெட்டினால் சுற்று நழுவித் தந்தி பாழாகிவிடும். அந்த அனுபவமும் எனக்கு உண்டு, விவரம் வேண்டாம்.

அகணி என்றால் அதற்குச் சோடி புறணி. சுற்றுக்குப் 'புறணி' என்று வைத்தால் இலக்கணமாக இருக்கும். ஆனால் புறணி பேசுதல் என்று ஒன்று இருக்கிறதே. 'பித்தளைப் புறணி நல்லா ஒலிக்கும்' என்று எழுதினால் மதுரையில் சிரிப்பார்கள். சுற்றே இருக்கட்டும்.

தந்திக்கு 'நரம்பு' என்று வைக்கலாம் என்ற யாழ்ப்பாணத்து அக்காவின் கருத்தைப் பற்றி. அக்கா விபுலாநந்த அடிகளைக் காட்டியிருக்கிறார், அவர் பெயரை எடுத்தால் திருகோணமலைக்காரன் எழுந்து நிற்கத்தான் வேண்டும். 1920களில் எங்கள் இந்துக் கல்லூரியை நடத்தியவர், பிற்பாடு சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கியவர், 1947இல் பழந்தமிழர் யாழை ஆராய்ந்த யாழ் நூலைத் தந்துவிட்டு அதே ஆண்டில் மறைந்தவர். இந்தப் பட்டியலுக்கு அவரைவிடப் பொருத்தமான பாட்டன் யார்? ஆனாலும் அக்கா, யாழின் நரம்பை உருக்குக்கு வைக்க எனக்கு மனமில்லை. நைலோனுக்கு வைக்கலாமா என்று யோசித்துப் பாருங்கள். கிளாசிக்கல் கிற்றாரில் முன்பு பூட்டியது ஆட்டுக்குடல் நரம்புதான். 1940களில் போரினால் அது கிடைக்காமல் போக, நியூயோர்க்கில் அல்பேர்ட் ஒகஸ்டீன் என்பவர் நைலோனில் தந்தி செய்தார். குடலுக்கு மாற்றாக வந்தது என்பதால் நைலோனை 'நரம்பு' என்றும் உலோகத்தைத் 'தந்தி' என்றும் பிரித்துவிட்டால், பெயரே ஒரு எச்சரிக்கை ஆகிவிடும். நரம்புக் கிற்றாரில் தந்தி பூட்டாதே, அவ்வளவுதான். 'லைட்' என்று விற்கிற மெல்லிய உலோகத் தந்திச் செற் ஒன்றின் மொத்த இழுவையே எழுபது கிலோவுக்கு மேல். நைலோனுக்கென்று செய்த மெல்லிய பலகை அதைத் தாங்காது, பலகைமேல் தந்திகளைப் பிடித்திருக்கிற பாலம் பெயர்ந்து கையோடு வரும். தேவாலயப் பாடகர் குழுவில் அப்படி ஒன்றைப் பார்த்தேன், பாட்டு நடுவில்.

அப்படியே 'கம்பி'யையும் ஒரு வேலைக்கு வைத்துக்கொள்வோம்: செய்து முடித்துக் கிற்றாரில் பூட்டுவது தந்தி, அதைச் செய்கிற மூலப்பொருள் கம்பி. அகணிக் கம்பி, சுற்றுக் கம்பி, இரண்டும் சேர்ந்து சுற்றுத் தந்தி. பேச்சில் எல்லாரும் கம்பி என்றே சொல்வார்கள், நானும்தான், மேலே பாருங்கள்.

தந்தி எவ்வளவு மொத்தம் என்பதைச் சொல்கிற 'கேஜ்' என்பதற்கு 'பருமன்' வேண்டாம், இங்கே பௌதிகத்தில் அது வேறு வேலையில் இருக்கிறது. தடிப்பு போதும். வாசிக்கிறவர்கள் முதல் தந்தியின் தடிப்பை வைத்துச் செற்றையே 'பத்து', 'பதினொன்று', 'பன்னிரண்டு' என்கிறார்கள், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதுதான் அந்த எண். பன்னிரண்டு என்றால் 0.012 அங்குலம், 0.3 மில்லிமீற்றர். அதன் ஆறாம் தந்தி பெரும்பாலும் 53. தடிப்புக் கூடினால் பலகையை நன்றாக அசைக்கும், சத்தமும் அடிக்குரலும் கூடும், விரலும் புண்ணாகும்.

கடைசியாக, ஒலியின் தன்மையைச் சொல்கிற 'டோன்'. பாடப்புத்தகம் சுருதி, உரப்பு, பண்பு என்று மூன்று சொல்லித் தருகிறது, அதன்படி இது 'பண்பு'. "இந்தக் கிற்றார் நல்ல பண்பு" என்று சொல்லிப் பாருங்கள், கலியாணத் தரகர் பேசுகிற மாதிரி இருக்கும். மிருதங்கக்காரரும் வீணைக்காரரும் 'நாதம்' என்கிறார்கள். எனக்கு நாதம்.

உப்புவெளியிலிருந்து

---

கோவை நண்பர் எழுதியது:

ஐயா, பித்தளைச் சுற்றுக்கு நான் தோற்றேன். உலோகவியல் படித்த என் தம்பியிடம் காட்டினேன், "இதுகூடத் தெரியாமலா பட்டியல் போடுகிறீர்கள்" என்று கேட்டுவிட்டான். ஆனால் ஒரு சந்தேகம். ஒருவர் கடைக்குப் போய் "பித்தளைச் சுற்று குடுங்க" என்றால் கடைக்காரர் முழிப்பார், பக்கற்றில் அப்படி எங்குமே இல்லையே? சொல் சரியாக இருந்து பொருள் கிடைக்காவிட்டால் என்ன பயன்? அப்புறம், இங்கே தடிப்பு என்றால் கொசுக்கடி. நாதம் எனக்கும் சரி.

---

அன்பின் நண்பருக்கு,

கொசுக்கடி இங்கேயும் தாராளம், அதை நாங்கள் தழும்பு என்றுவிடுவோம். தடிப்பு பிடிக்காவிட்டால் தடிமன் என்று போடுங்கள். இங்கே தடிமன் என்றால் சளி. ஆக இரண்டையும் போட்டுவிடுவது நல்லது.

கடைக்காரர் விடயம் நியாயம்தான். அதற்காகத்தான் 80/20 என்ற எண்ணைப் பெயரிலிருந்து எடுக்காமல் விடச் சொல்கிறேன்: '80/20 பித்தளைச் சுற்று'. கடையில் எண்ணைச் சொல்லட்டும், அது பக்கற்றில் இருக்கிறது. மற்றதற்கு 'போஸ்பர்' என்ற சொல்லைத் தேடட்டும், வெறும் 'புரோன்ஸ்' என்று மட்டும் இருந்தால் எண்ணையும் பார்க்கட்டும், நிறத்தையும் பார்க்கட்டும். இந்த வரியைப் பட்டியலின் குறிப்புப் பகுதியில் போடலாமா? அங்கே இடம் நிறைய வெறுமையாகக் கிடக்கிறது.

இன்னொன்று. மேலே மெல்லிய பொலிமர் படலம் போட்டு வருகிற செற்றுகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. 'பூச்சுத் தந்தி' என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். விலை அதிகம், முதல் நாள் பளிச்சும் கொஞ்சம் குறைவு, ஆனால் சுற்றின் இடுக்குகளுக்குள் உப்பும் அழுக்கும் இறங்காது, அது இறங்கினால்தானே பாரம் ஏறி மேற்றொனி அடங்கிப் போவது. பழைய தந்தியைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் உயிர் வரும் என்று சிலர் செய்வதும் அந்த அழுக்குக்காகத்தான், வருகிற உயிர் ஓரிரு நாளுக்கு மேல் நிற்பதில்லை. அண்ணாவின் மகள் இப்போது பூச்சுத் தந்தி, பொசுபர வெண்கலம், பன்னிரண்டு. அவளே போய் வாங்கினாள், என்னைக் கேட்கவில்லை.

'செத்த கம்பி' என்பதற்கு யாரோ 'ஒலியிழந்த தந்தி' என்று போட்டிருக்கிறார்கள். ஒலி இருக்கிறது ஐயா, நாதம்தான் இல்லை. செத்த தந்தி என்றே விட்டுவிடுங்கள்.